பால் விட்ட காபி கேட்ட காக்கை

நோரீன் மிஸ்ஸின் பின்வாசல் சுவரில் வந்து உட்காரும் ஒற்றைக்கால் காக்கை, ஓர் ஆடி மாதக் காலையில், சுத்தமான ஸ்பானிஷில் பால் விட்ட காபி ஒன்று வேண்டும் என்று கேட்டபோது, மிஸ் கையிலிருந்த ரொட்டி ஓரத்தைத் தவறவிடவும் இல்லை, சிலுவை போட்டுக்கொள்ளவும் இல்லை. ஊரையே திருத்திப் பழகிய வாய் என்பதால், "உச்சரிப்பு பரவாயில்லை, ஆனால் தயவுசெய்து என்பதை விட்டுவிட்டாய்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். காக்கை கழுத்தைச் சாய்த்துக் கொஞ்சம் யோசித்துவிட்டு "போர் ஃபவோர்" என்று சேர்த்துக்கொண்டது. போத்தனூர் சிக்னல் காலனியில் காக்கைகள் ஸ்பானிஷ் பேச ஆரம்பித்தது இப்படித்தான், இதற்குமேல் அதில் விளக்க ஒன்றும் இல்லை.

மிஸ்ஸைப் பற்றித்தான் விளக்க வேண்டும். அவர் ஆங்கிலோ இந்தியர். அப்பா ரயில் எஞ்சின் ஓட்டியவர், தாத்தாவும் அதையே ஓட்டியவர், வீட்டில் பேச்சு, சண்டை, ஜெபம், வசவு எல்லாமே ஆங்கிலம். முன்னறையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தியே மகளை வளர்த்து ஆளாக்கினார், காலனியில் பாதிப்பேர் அந்த அறையில் காதைத் திருகக் கொடுத்தவர்கள். கல்யாணப் பத்திரிகை கொண்டுபோய்க் கொடுத்தால், ஆங்கிலப் பக்கத்தில் இருக்கும் தப்பையெல்லாம் சிவப்புப் பேனாவால் சுழித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு அப்புறம்தான் வாழ்த்துவார். பூசையில் சாமியார் ஒரு சொல்லைப் பிசகி உச்சரித்தால் முதல் வரிசையிலிருந்து தொண்டையைச் செருமுவார், சாமியாரும் அந்தச் சொல்லை ஒழுங்காகத் திரும்பச் சொல்லிவிட்டுத்தான் மேலே போவார். யாரும் அவரைக் கோபித்துக்கொண்டதில்லை, மகளைத் தவிர.

மகள் ஷார்லின் சுற்றுலாக் கப்பலில் வரவேற்பு வேலையில் இருந்தாள். அதே கப்பலில் சமையல்காரனாக இருந்த மத்தேயோவைக் காதலித்து, அவனுடைய ஊரான வால்பரைசோவில், சிலி நாட்டின் கடற்கரையில், கல்யாணம் செய்துகொண்டாள். விருந்தில் மத்தேயோ கையில் கோப்பையோடு எழுந்து, மாமியாருக்காகவே மாதக்கணக்கில் மனப்பாடம் செய்த ஆங்கிலப் பேச்சைப் பேசத் தொடங்கினான். முதல் வரியிலேயே மிஸ் கரண்டியால் கோப்பையைத் தட்டினார். "அப்படி இல்லை மகனே, இப்படி. எங்கே, எனக்குப் பின்னால் சொல்லு." அவனும் சொன்னான். அடுத்த வரியில் மறுபடி தட்டினார், அதற்கடுத்த வரியிலும் தட்டினார். பாதிப் பேச்சில் அவன் "சாரி, மம்மி" என்று உட்கார்ந்துவிட்டான், மிச்சப் பாதியில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாமலே போனது. மிஸ்ஸுக்குத் தான் செய்தது தப்பென்றே அன்றைக்குப் படவில்லை, பையனுக்கு நல்லதுதானே செய்தோம் என்று கேக்கைச் சாப்பிட்டார்.

அதிலிருந்து ஷார்லினின் ஃபோன் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் வந்தது. இந்தச் சித்திரையில் அதிசயமாக ஒரு நடுவாரத்தில் வந்தது. "டிசம்பரில் வருகிறோம், மம்மி. வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை, அவன்தான் கேட்கிறான். ஆனால் ஒன்று. அவன் எப்படிப் பேசினாலும் பேசட்டும். ஒரே ஒரு சொல்லை நீ திருத்தினாலும் அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம், அப்புறம் என்னை அந்த வாசலில் பார்க்க மாட்டாய்." "உன் பாஷை இல்லாத ஒரு பாஷையில் நாலு பேர் முன்னால் வாயைத் திறந்து பார், அப்போது தெரியும்" என்றும் சொன்னாள்.

அன்றிரவு முழுக்க மிஸ் புரண்டு புரண்டு படுத்தார். மறுநாள் காலை ஃபோனில் ஸ்பானிஷ் கற்றுத்தரும் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டார். மருமகனிடம் அவன் பாஷையிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுவது, மகளைத் திரும்பப் பெற்றுவிடுவது, இதுதான் அவர் போட்ட திட்டம்.

திட்டம் போட்டுவிட்டாரே தவிர, ஊரைத் திருத்திய வாய்க்குத் தப்பாகப் பேசுவது என்பது நடுத்தெருவில் சேலை அவிழ்ந்த மாதிரி இருந்தது. வகுப்புப் பிள்ளைகள் கேட்டுவிடக் கூடாது, பக்கத்து வீட்டு மயிலாத்தா கேட்டுவிடக் கூடாது, ஏன், செயலியில் பேசும் அந்தப் பொம்பளையே கேட்டுவிடக் கூடாது என்று அதன் ஒலிவாங்கியை அணைத்து வைத்தார். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, விடியும் நேரத்தில் பின்சுவர் ஓரமாக நின்று, காக்கைகளுக்கு ரொட்டி ஓரம் போட்டபடி அவற்றிடம் மட்டும் பேசினார். காக்கை சிரிக்காது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. எனக்குக் காபி வேண்டும், ரயில் வந்துவிட்டதா, என் மாமாவுக்கு ஒரு பச்சைக் குடை இருக்கிறது என்று செயலி சொல்லிக்கொடுத்ததையெல்லாம் சித்திரை, வைகாசி, ஆனி என்று காக்கைகள் கேட்டுக்கொண்டே வந்தன, ஆடியில் வாயைத் திறந்தன.

திறந்த வாய் மூடவில்லை. முதல் மாதத்தில் மிஸ், நான் ஓர் ஆசிரியை என்று சொல்வதற்குப் பதில், நாக்கு குளறி, நான் ஒரு மேசை என்று சொல்லியிருந்தார். அதை அவர் அப்போதே சரிசெய்துகொண்டார், காக்கைகள் செய்துகொள்ளவில்லை. "சோய் உனா மேசா" என்று ஒற்றைக்கால் காக்கை தண்ணீர்த் தொட்டி மேல் நின்று அறிவித்தது. தபால்காரர் தலைக்கு மேலே பறந்து ஒன்று அறிவித்தது. கோயில் கோபுரத்தில் ஒன்று, பள்ளிவாசல் கம்பத்தில் ஒன்று, மாதாகோயில் மணிக்கூண்டில் ஒன்று. மேசா என்றால் மேசை என்று யாரும் சொல்லித்தராமலே காலனிக்குப் புரிந்துவிட்டது. மிஸ் நைட்டியோடு தெருவில் ஓடி, கையை ஆட்டி, "மயேஸ்த்ரா, மயேஸ்த்ரா" என்று ஒவ்வொரு காக்கையாகத் திருத்தப் பார்த்தார். அவை மரியாதையாகக் கேட்டுவிட்டு மேசை என்றே சொல்லின.

காலனி இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டு என்ன செய்வது, காலையில் தண்ணீர் வரும் நேரம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட நேரம். டீக்கடை அபூபக்கர் மட்டும், காக்கைகள் வரிசையாகக் காபி கேட்கின்றன என்று அறிந்து, கொட்டாங்குச்சியில் ஆறின காபி ஊற்றி வைத்தார், அதைப் பார்க்க வந்த கூட்டத்தில் அவருக்கு வடை கூடுதலாகப் போனது. ரயில் வந்துவிட்டதா என்று கேட்கிற காக்கைகள் தாமாகவே நடைமேடைக் கூரைக்குப் போய்விட்டன, பச்சைக் குடைக் காக்கைகள் மழை நாட்களில் நிறையப் பேசின. சாமியாரிடம் போய் இது பாவமா என்று கேட்டார்கள். அவர் வேதாகமத்தில் இதற்கு முன்பு கழுதையே பேசியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, மிஸ் முதல் வரிசையில் இல்லாத நிம்மதியில் அன்றைக்குத் தடையில்லாமல் பிரசங்கம் செய்தார்.

ஆடி அமாவாசை வந்தபோதுதான் விஷயம் வேறு மாதிரி ஆனது. வீட்டுக்கு வீடு மொட்டை மாடியில் இலை போட்டுச் சோறு வைத்து, செத்துப்போன அப்பனை, ஆத்தாளை, புருஷனை, கா கா என்று கூப்பிட்டார்கள். வந்த காக்கைகள் சோற்றைப் பார்த்து, கூப்பிட்டவர்களைப் பார்த்து, நீளமாகவும் நிதானமாகவும் ஸ்பானிஷில் பேசின. அதுவரை காக்கைகள் எந்தப் பாஷையை வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும் என்று இருந்த காலனிக்கு அப்போது உறைத்தது, பேசுகிறவர்கள் நம் ஆட்கள் அல்லவா.

"மேல போனவங்க ஸ்பானிஷ்தான் பேசுவாங்களாட்ட இருக்குதுங்க" என்றார் ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டையரான சின்னவேடம்பட்டிக்காரர்.

"ஏனுங், தமிழ்ல பேசுனா ஆகாதுங்களா?" என்று யாரோ கேட்டார்கள்.

"தமிழ்ல பேசுனா நாம பதிலுக்குப் பேசீருவமே. இருந்தப்பவே ஒரு நாயத்த ஒழுங்காப் பேசி முடிச்சதில்ல. அதுக்குத்தான்."

இது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. அன்றிலிருந்து ஒவ்வோர் அமாவாசை மத்தியானமும் மிஸ்ஸைக் கூப்பிட்டு மாடி மாடியாக ஏற்றினார்கள். மிஸ் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், இது என் பாடம், உன் அப்பா இல்லை, செயலியில் வருவது என்று. யார் கேட்டார்கள். காபி கேட்கிறார் என்று மொழிபெயர்த்தால், சர்க்கரை வியாதியில் செத்தவரின் மகன் கண் கலங்கி, டம்ளரில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கொண்டுவந்து வைத்தான். ரயில் வந்துவிட்டதா என்று கேட்கிறார் என்றால், தண்டவாளத்தில் கேங்மேனாக இருந்தவரின் குடும்பமே ஆமாம் ஆமாம் என்றது. மாமாவிடம் பச்சைக் குடை இருப்பதாகச் சொன்ன வீட்டில், பாகப்பிரிவினையில் தாய்மாமன் எடுத்துப்போன சாமான்களைப் பற்றி அன்று மாலையே பஞ்சாயத்துக் கூடியது.

அடுத்த வீட்டு மயிலாத்தாவின் புருஷன் ஆறுச்சாமி செத்து நாலைந்து வருஷம் இருக்கும். வீட்டில் அவர் பேச்சுதான் பேச்சு. மயிலாத்தா வாயைத் திறந்தால் "சரி நிறுத்து" என்பார், அவள் நிறுத்திவிடுவாள். பொள்ளாச்சியில் அவளுடைய அம்மா இறந்த அன்றைக்கும், போகோணுங்க என்று அவள் தொடங்கிய வாக்கியத்தை அவர் அப்படித்தான் நிறுத்தினார், அவள் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அதற்கப்புறமும் வருஷக்கணக்காக அவருக்குச் சோறு பொங்கிப் போட்டாள், இப்போது காக்கைக்கும் போடுகிறாள். மற்றவர்கள் மாதிரி அவள் மிஸ்ஸிடம் என்ன சொல்கிறார் என்று கேட்டதே இல்லை. இலையை வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் இறங்கிவிடுவாள்.

ஐப்பசியில் ஒருநாள் மயிலாத்தாவின் ஆடு சுவரைத் தாண்டி வந்து ரோஜாச் செடியை மேய்ந்துவிட்டது. மிஸ் போய்ச் சத்தம் போட்டார், தமிழில். "மயிலாத்தா, உன் ஆடு என் செடி தின்னான். நேத்து வந்துச்சு, இன்னிக்கும் வந்தாங்க. நீ கட்டிப் போடு."

"கட்டீர்றனுங்க மிஸ்" என்றாள் மயிலாத்தா.

மிஸ் திரும்பிப் போனவர் பாதியில் நின்றார். ஆடியிலிருந்து தன் ஸ்பானிஷ் தப்பை ஊர்க் காக்கைகள் வாயிலிருந்து கேட்டுக் கேட்டு அவருக்குக் காது புதிதாகத் திறந்திருந்தது. "மயிலாத்தா, நிஜம் சொல்லு. என் தமிழ் தப்பா?"

மயிலாத்தா ஆட்டுக்கயிற்றைப் பார்த்தாள். "தப்புதானுங்க."

"எவ்ளோ தப்பு?"

"பூராமே தப்புதானுங்க மிஸ். பொறந்ததுலருந்து இங்கதான் இருக்கறீங்க, ஒரு நா கூட ஒழுங்காப் பேசுனதில்லீங்க. எங்க வீட்டுக்காரரையே அதுன்னு சொல்லுவீங்க."

"அப்போ ஏன் யாரும் எனக்குச் சொல்லலை? நான் எல்லாருக்கும் சொல்லுது இல்ல?"

"புரிஞ்சுதுங்களே" என்றாள் மயிலாத்தா. "புரிஞ்சதுக்கப்புறம் என்னத்துக்குங்க சொல்லோணும்."

மிஸ் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு காலனி மொத்தமும் இத்தனை காலமாகத் தன்னைப் பார்த்துச் சிரிக்காமல், தட்டாமல், பேச விட்டுக் கேட்டிருக்கிறது என்பது அவருக்கு முதலில் வெட்கமாக இருந்தது, பிறகு அழுகை வந்தது. அன்றைக்கு வகுப்பில் ஒரு பிள்ளை தப்பாகச் சொன்னதை விட்டுவிட்டார், பிள்ளைகள் மிஸ்ஸுக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் விடிகாலையிலிருந்து அவர் காபியையும் குடையையும் விட்டுவிட்டு மன்னிப்புக்கு வந்தார். செயலியில் அதற்குப் பாடம் இல்லை, சொல் சொல்லாகப் பொறுக்கி அவரே கட்டினார். மன்னித்துவிடு. நீ சொல்ல வந்ததை நான் சொல்ல விடவில்லை. இப்போது சொல், நான் கேட்கிறேன். அவ்வளவுதான். சில நாள் "பெர்தோனாமே" என்கிற முதல் சொல்லிலேயே விம்மி நின்றுவிடுவார்; சில நாள் கடைசி வரை போய்ப் பதற்றத்தில் பின்னாலிருந்து முன்னால் வருவார். ஸ்பானிஷில் அடிக்கடி வரும் அந்த உருட்டல் றகரம் ஆங்கில நாக்குக்கு வரவே இல்லை. காக்கைகளோ பிறக்கும்போதே அதோடு பிறந்தவை. அவை சுவரில் வரிசையாக உட்கார்ந்து ரொட்டி ஓரத்தைத் தின்றபடி, ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தன.

கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்னால் ஷார்லினும் மத்தேயோவும் வந்து இறங்கினார்கள். மத்தேயோ நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு உள்ளே வந்தான், சுருட்டை முடி, பெரிய கை, வந்ததும் கேக் வாசனை எங்கிருந்து வருகிறதென்று மூக்காலேயே கண்டுபிடித்துவிட்டான். "மம்மி, நான் ரொம்பப் பசி இருக்கிறேன்" என்பதுபோல ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான். ஷார்லின் அம்மாவின் வாயையே பார்த்தாள்.

மிஸ் வாயைத் திறக்கவில்லை. திருத்துவதற்கு மட்டுமல்ல, எதற்குமே திறக்கவில்லை. மாதக்கணக்கில் கட்டிய மூன்று வாக்கியமும் நாக்கு நுனி வரை வந்து, தப்பாகிவிட்டால் என்கிற ஒரே பயத்தில், திரும்ப உள்ளே போயின. சாப்பாட்டு மேசையில் மஞ்சள் சோறும் கோலா உருண்டைக் குழம்பும் பரிமாறிவிட்டு உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. மத்தேயோவின் பேச்சும் மெல்ல மெல்லக் குறைந்தது, தன்னைப் பிடிக்கவில்லை போலும் என்று அவன் நினைத்தது அவன் முகத்திலேயே தெரிந்தது.

"திருத்தாதே என்றுதான் சொன்னேன், அவனிடம் பேசாதே என்றா சொன்னேன்?" என்று ஷார்லின் சமையலறையில் கேட்டாள். "நீ சும்மா இருப்பதுகூட அவனைத் திருத்துகிற மாதிரித்தான் இருக்கிறது. நாங்கள் நாளைக்கே போகிறோம், மம்மி." மிஸ் கையில் கிறிஸ்துமஸ் ரோஸ் குக்கி சுடும் அச்சு இருந்தது; எண்ணெயில் குக்கி கரிந்துகொண்டிருந்தது.

அந்த மறுநாள் மார்கழி அமாவாசையாகவும் இருந்தது. உச்சி நேரத்தில் மத்தேயோ பெட்டியை இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தபோது, காலனியின் மாடிகள் எல்லாவற்றிலும் இலை விரித்துச் சோறு வைத்துக் கா கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காக்கைகள் வந்தன. தொட்டியிலிருந்தும் கோபுரத்திலிருந்தும் பள்ளிவாசலிலிருந்தும் மணிக்கூண்டிலிருந்தும் நடைமேடைக் கூரையிலிருந்தும் வந்து, ஒவ்வொரு கைப்பிடிச் சுவரிலும் ஒன்றாக, சோற்றைத் தொடாமல் உட்கார்ந்தன. பிறகு ஒற்றைக்கால் காக்கை தொண்டையைச் செருமிக்கொண்டு "பெர்தோனாமே" என்றது. மற்றவை தொடர்ந்தன. மிஸ் விடிகாலையில் சொன்ன அத்தனையும், பாதியில் நின்றது, பின்னாலிருந்து முன்னால் வந்தது, விம்மியது, மறுபடி தொடங்கியது, எல்லாத் தப்போடும், மாடிக்கு மாடி, தெருவுக்குத் தெரு, காலனி முழுக்க.

மத்தேயோ பெட்டியின் கைப்பிடியை விட்டுவிட்டான். வானத்தைப் பார்த்தான், மாமியாரைப் பார்த்தான். மிஸ் ஓடி உள்ளே ஒளிந்துகொள்ளத் திரும்பினார்.

"மிஸ்" என்று மயிலாத்தா அடுத்த மாடியிலிருந்து கூப்பிட்டாள். அவள் இலையை வைத்துவிட்டு இறங்கவில்லை. அவளுக்கு எதிரில் ஒரு காக்கை நேராக அவளைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தது. "எங்க ஊட்டுக்காரரு என்னுங்க சொல்றாரு?"

இது என் பாடம் என்று மிஸ் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் கேட்டதே இதுதான் முதல் தடவை, அவள் முகத்தைப் பார்த்தபின் அப்படிச் சொல்ல மிஸ்ஸுக்கு மனம் வரவில்லை. மகளும் மருமகனும் நிற்கிற முற்றத்தில் நின்றுகொண்டு, பூராமே தப்பான தன் தமிழில், தலையை நிமிர்த்திச் சொன்னார்.

"மன்னிச்சுக்கோ, சொல்றாங்க. நீ பேச வந்துச்சு, நான் பேச விடலை. இப்போ பேசு. நான் கேக்குது."

மயிலாத்தா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். காக்கையைப் பார்த்து, "எங்கம்மா செத்த அன்னிக்கு" என்று ஆரம்பித்தாள். சுற்றியுள்ள மாடிகளில் ஆங்காங்கே வேறு சிலரும் தங்கள் தங்கள் காக்கைகளிடம் தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கியிருந்தார்கள், அந்தக் காலனியில் யாரோ ஒருவர் மன்னிப்புக் கேட்காமலே செத்துப்போகாத வீடு என்று ஒன்று இல்லை.

ஷார்லினுக்குத் தமிழ் தெரியும், மத்தேயோவுக்கு ஸ்பானிஷ் தெரியும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மிஸ்ஸின் பக்கம் திரும்பினார்கள்.

"மம்மி" என்றான் மத்தேயோ. அவன் கண்கள் நனைந்திருந்தன. சுற்றுமுற்றும் பார்த்து, சுவரோரம் இருந்த தண்ணீர்ச் சொம்பைக் கோப்பையாகக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்து நின்று, கல்யாண விருந்தில் நிறுத்தின இடத்திலிருந்து, தன் ஆங்கிலத்தில் ஆரம்பித்தான். "என் அம்மா செத்தது நான் சின்னதாக இருக்கும் போது. அதிலிருந்து நான் தப்பு செய்யும், யாரும் சொல்கிறது இல்லை. எல்லாரும் நல்லவர்கள், சிரித்துவிட்டு போகிறது. இன்று எனக்கு புது அம்மா வந்தது. அவர் டீச்சர். மம்மி, தயவுசெய்து, இனிமேல் நீங்கள் என்னைத் திருத்தவும்."

சொம்பிலிருந்த தண்ணீரைக் குடித்தான். பேச்சு முடிந்தது.

மிஸ் ஒவ்வொரு தப்பையும் கேட்டார், ஒன்றையும் தட்டவில்லை. மகள் பின்னாலிருந்து வந்து தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டபோதுதான், தான் அழுதுகொண்டிருப்பதும் அவருக்குத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து ஒற்றைக்கால் காக்கை சுவரில் நெஞ்சை நிமிர்த்தி, "சோய் உனா மேசா" என்று பழைய பல்லவியை எடுத்தது. மத்தேயோ சிரித்துவிட்டான், சமையல்காரக் கையை உயர்த்தி, "மேசா இல்லை, மயே" என்று திருத்த வாயெடுத்தான். மிஸ் அவன் கையைப் பிடித்து இறக்கினார். எந்தப் பாடத்திலும் வராத, எந்தக் காலையிலும் ஒத்திகை பார்க்காத ஸ்பானிஷ் அவர் வாயிலிருந்து வந்தது.

"தேஹாலோ" என்றார். "சே எந்தியெந்தே."

விட்டுவிடு, புரிகிறதே என்று அர்த்தம். ஷார்லின் பெட்டியைத் திரும்ப உள்ளே இழுத்துப் போனாள். அடுத்த மாடியில் இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. மயிலாத்தா இன்னும் பேசி முடிக்கவில்லை, காக்கை நடுவில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தது.